அன்றைக்கு மழை பெய்யவில்லை

என் கணவர் காதர் பாட்சாவுக்குப் பொய் சொல்ல வராது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னிடம் சொன்ன பொய்களெல்லாம் மீன் விலையைப் பற்றியவை. அதையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட மனிதர் இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல், ஜும்ஆ தொழுகை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறார். தன் உம்மா மௌத்தான அன்று, கொட்டுகிற மழையில் தானே கபுருக்குள் இறங்கி, உம்மாவின் உடம்பை இரண்டு கையாலும் வாங்கி மண்ணில் கிடத்தியதாகச் சொல்கிறார். சொல்லும்போது குரல் கம்மிவிடுகிறது. கேட்கிறவர்கள் டீயை ஆறவிட்டுவிட்டு உச்சுக்கொட்டுகிறார்கள்.

அன்றைக்கு மழை பெய்யவில்லை. கத்திரி வெயில். கபுருக்குள் இறங்கியது வேறு ஆள். என் கணவர் அந்த நேரத்தில் ஒரு வாடகைக் காரில் பேரளத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

இந்தக் கதையை அவருக்குள் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் என் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை ஒரு நாத்தனார் சண்டை என்று ஒதுக்கிவிடுவீர்கள். நாத்தனார் சண்டையும் இதில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

காதர் பாட்சாவின் வாப்பா சைக்கிளில் அத்தர் விற்றவர். ஒரு தகரப் பெட்டி நிறையக் குப்பிகளைக் கட்டிக்கொண்டு காரைக்காலிலிருந்து நாகூர் வரை போய்வருவார். மகனுக்குச் சொத்தென்று அவர் விட்டுப்போனது மூக்கு ஒன்றுதான். குப்பியின் மூடியை மோந்தே இது அகில் ஊது, இது மல்லிகை, இது கலப்படம் என்று சொல்லிவிடுவார் என் கணவர். அந்த வாப்பா ஐப்பசி அடைமழையில் இறந்துபோனார். தோண்டத் தோண்டக் கபுருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது. வாளியால் இறைத்துப் பார்த்து முடியாமல், பச்சைத் தென்னங்கீற்றைப் பரப்பி, மீசை முளைக்கிற வயதில் இவர் உள்ளே இறங்கி வாப்பாவை வாங்கியிருக்கிறார். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது அக்கா ஜொஹரா தலை நனைய வாசலில் நின்றாளாம். இதையெல்லாம் கல்யாணமான புதிதில் சொன்னார். பிறகு மழை பெய்கிறபோதெல்லாம் சொன்னார். எனக்கு மனப்பாடம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணமானதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்கு வந்துவிடுவான். அதனால் அவர் பிறந்த வீடு ஜொஹராவுடையது. வாழ வந்த வீடு என்னுடையது. நாளைக்கு இது எங்கள் மகள் அஸ்ஃபியாவுக்குப் போகும். "எங்க போனாலும் நான் விருந்தாளிதான் ரோஷன், காபிய கொஞ்சம் சூடா குடு" என்பார். சிரித்துக்கொண்டே கொடுப்பேன்.

ஜொஹராவை அவர் லாத்தா என்று கூப்பிடுவார், நானும் அப்படித்தான். நேரில் பேசும்போது 'ங்க' போடாமல் பேசமாட்டேன். இங்கே சொல்லும்போது அது வரவில்லை. 'மன்னிக்கவும்' என்றும் சொல்லமாட்டேன்.

அவர் ஷார்ஜாவில் ஒரு அத்தர் கடையில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவருடைய உம்மா, என் மாமி, ஜொஹராவின் வீட்டில் இருந்தார். இடுப்பு உடைந்து படுக்கையில் விழுந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கோடையில் இனித் தாங்காது என்று தெரிந்ததும் நான்தான் போன் போட்டேன். அவர் அன்று இரவே விமானம் ஏறினார். அவர் வானத்தில் இருக்கும்போது, விடிகாலை சுபுஹு பாங்கு சொல்கிற நேரத்தில் மாமி போய்விட்டார்.

திருச்சியில் இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார். சொன்னேன். பிறகு, "நான் வர்ற வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லு ரோஷன். நான்தான் எறங்கணும்" என்றார். உம்மாவைக் கபுருக்குள் வாங்குவது மகனுக்கு உரியது. அதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் மாமியைக் குளிப்பாட்டிய பெண்களில் ஒருத்தி. மாமியின் முடியை நான்தான் அலசினேன். ஈரக் கையோடு ஓடிப்போய் ஜொஹராவிடம் சொன்னேன். மத்தியான லுஹருக்கு வேண்டாம், சாயங்கால அஸருக்கு வைத்துக்கொள்ளலாம், அவர் கும்பகோணம் வந்துவிட்டார் என்றேன். ஃப்ரீசர் பெட்டி கொண்டுவரச் சொல்லலாம் என்றேன். "மய்யித்த வெச்சிக்கிட்டு காத்திருக்கக் கூடாது" என்றாள். மறுபடி கேட்டேன். "வெயிலப் பாத்தியா?" என்றாள். கடைசியில் அத்தனை பெண்கள் முன்னால் அவள் காலைப் பிடித்தேன். காலை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லுஹர் முடிந்ததும் சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். கபுருக்குள் ஜொஹராவின் கணவர் சேக் அலாவுதீன் மச்சான் இறங்கினார்.

காரை விட்டு அவர் தெருமுனையில் இறங்கியபோது மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கையில் மண். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். அவர் பெட்டியைக் கூட எடுக்காமல் நேராக மையவாடிக்குப் போனார். தனியாக மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தார். வந்தவர் ஜொஹரா வீட்டு வாசலில் நின்று, "இந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்து படுத்தார்.

சொன்னபடியே இருந்தார். ஷார்ஜாவை முடித்துக்கொண்டு வந்து, பள்ளிவாசல் பக்கம் சின்னதாக அத்தர் கடை போட்டார். எத்தனையோ பேர் சமாதானம் பேச வந்தார்கள். பெருநாள் வந்தது, ஜொஹரா வீட்டில் கல்யாணம் வந்தது. போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் கத்திரியில் ஒருநாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். அப்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "நீ ஒருத்திதான் அன்னைக்கு எனக்காக நின்னே."

புடவை, நகை என்று எனக்கு அவர் நிறையக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எதுவும் எனக்குப் பெரிதில்லை. இந்த ஒரு வார்த்தைதான் என்னுடைய சொத்து என்று வைத்திருந்தேன்.

போன வருஷம் நாகூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது குறுக்கே ஓர் ஆடு பாய்ந்தது. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை. ஹெல்மெட் அதன் வழக்கமான இடத்தில், ஸ்கூட்டர் கொக்கியில், பத்திரமாக இருந்தது. தலையில் அடிபட்ட அவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பல நாள் கண் திறக்கவில்லை. திறந்ததும் என்னை அடையாளம் தெரிந்தது. "ரோஷன், பாப்பா எங்கே?" என்று கேட்டார். பாப்பா பக்கத்தில்தான் நின்றாள், கல்லூரிக்குப் போகிற பெண்ணாக. அவர் தேடியது ரெட்டைச் சடை போட்ட சின்னப் பெண்ணை. அஸ்ஃபியா வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, "நான்தான் வாப்பா, வளந்துட்டேன்" என்றாள்.

மறதி என்றால் சிலேட்டைத் துடைத்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கரையான் அரித்த துணி மாதிரி. சின்ன வயது, வாப்பா, எங்கள் கல்யாணம் எல்லாம் இருந்தன. கிட்டத்தில் வர வர ஓட்டை. கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் அநேகமாக இல்லை. அதிலும் விசித்திரம் என்னவென்றால், விஷயங்கள் தெரிந்தன, நடந்தவை தெரியவில்லை. ஷார்ஜாவில் கடை இருந்த தெரு, முதலாளி பேர், எந்தக் குப்பி எந்தத் தட்டில் என்று சொல்வார். அங்கே ஒருநாள் காலையில் எழுந்ததையாவது சொல்லுங்கள் என்றால் விழிப்பார். மூக்கும் அப்படியே இருந்தது. அந்த மூக்கை யார் பழக்கினார் என்பதும் இருந்தது. அதை வைத்து அவர் திறந்த கடை நினைவில் இல்லை. கடையைக் காட்டியபோது, "நல்லா இருக்கே, யாரோடது?" என்றார்.

டாக்டர் அவரிடம் கேட்டார், "உங்க அம்மா இருக்காங்களா?"

"இல்ல, மௌத்தாயிட்டாங்க."

"எப்படித் தெரியும்?"

"தெரியும், அவ்வளவுதான்."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்க்கிற மாதிரி. நான் வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வெளியே கூப்பிட்டு, இப்போதைக்குக் கெட்ட விஷயங்களைச் சொல்லாதீர்கள், தானாக வருகிறதா பார்ப்போம் என்றார். சரி, கொஞ்சம் தேறட்டும், நாமே பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த அந்த வாரமே ஒருநாள் அஸர் முடிந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "எங்க போறீங்க?" என்றேன். "வீட்டுக்கு" என்றார். என் வீட்டு நடுவில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னார். ஒரு கணம் எனக்குக் கோபம் வந்தது. பிறகு புரிந்தது. எந்த வீட்டிலும் விருந்தாளி என்று கேலி பேசிய ஆள், இப்போது நிஜமாகவே என் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அவர் கால் வழி தவறவே இல்லை. ஜொஹரா வீட்டு வாசலில் நின்று, நேற்றுத்தான் வந்துபோனவர் மாதிரி, "லாத்தா!" என்று கூப்பிட்டார். அவள் வந்தாள். அவரைப் பார்த்துச் சிலையாகிவிட்டாள். அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். என் முகத்திலிருந்தே அவள் தெரிந்துகொண்டாள். இவனுக்கு எதுவும் நினைவில் இல்லை என்று அவளுக்குப் புரிந்த அந்த நிமிஷத்தை நான் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்தது. சொல்லவே வயிறு எரிகிறது, மலர்ந்தது.

"வா தம்பி, சாப்டியா?" என்றாள்.

மிதிக்கமாட்டேன் என்று சொன்ன வாசப்படியை அவர் மிதித்து உள்ளே போனார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை சாப்பாடு அங்கேதான். ஜும்ஆ தொழுது, மையவாடிக்குப் போய் யாசீன் ஓதி, டீக்கடையில் கொஞ்சம் உட்கார்ந்து, அங்கே போவார். நானும் கூடப் போவேன், தனியாக அனுப்பப் பயம். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார், "உம்மா மௌத்தானப்ப நான் இங்க இருந்தேனா லாத்தா?"

நான் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல்லப் போகிறாள், அழப் போகிறாள், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு முட்டாள் நான்.

"இல்லாமயா?" என்றாள் ஜொஹரா. "நீதானடா கபுருக்குள்ள எறங்குனே. உம்மாவ நீதானே வாங்குனே."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சேக் அலாவுதீன் மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

அங்கேயே கத்தியிருக்கலாம். ஆனால் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த முகம், கிடைத்துவிட்டது என்று இளகியது. அன்று நன்றாகத் தூங்கினார். காலையில் சொல்லலாம் என்று நான் விழித்துக் கிடந்தேன். காலையில் அவர் முந்திக்கொண்டார். "அன்னைக்கு நல்ல மழைல்ல?" என்றார்.

ஜொஹரா மழையைச் சொல்லவில்லை. அவள் போட்டது ஒரு விதை. மீதி தானாக முளைத்தது. அடுத்த வாரம் தென்னங்கீற்று வந்தது. அதற்கடுத்து வாளி. பிறகு காதுக்குள் மழைத் தண்ணீர் இறங்கியது, கால் சேற்றில் புதைந்தது, உம்மாவின் உடம்பு இலேசாக இருந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்த சாமான்கள். எங்கிருந்து எடுத்தது என்றும் தெரியும். சோதிக்கிற மாதிரி ஒருநாள் கேட்டேன், "உங்க வாப்பாவ அடக்குனப்ப எப்படி இருந்துச்சு?"

"அது ரொம்ப நாளாச்சே" என்றார். "சரியா நெனவுல இல்ல."

வாப்பாவின் மழை உம்மாவுக்குப் போய்விட்டது. வாப்பாவின் இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்று எனக்கு நம்பிக்கையாக இருந்தது. ஜொஹரா வீட்டிலிருந்து திரும்புகிற வெள்ளிக்கிழமைகளில் அவர் எரிந்து விழுந்தார். செருப்பை உதறினார், டம்ளரை ணங்கென்று வைத்தார், அஸ்ஃபியாவின் போனில் பாட்டுக் கேட்டால் கத்தினார். "என்னங்க?" என்றால், "தெரியல. நெஞ்சுக்குள்ள திகுதிகுன்னு இருக்கு. ஏன்னு தெரியல" என்பார். எனக்குத் தெரியும் ஏன் என்று. சம்பவம் போய்விட்டது, கோபம் போகவில்லை. அது உள்ளே அட்ரஸ் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோபத்துக்கு அவரே ஓர் அட்ரஸ் கண்டுபிடித்தார்.

"நீதான்" என்றார் ஒருநாள். "அங்க வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கே. லாத்தா எவ்வளவு ஆசையா சமைச்சுப் போடுது. ஒனக்கு ஏன் எங்க லாத்தாவப் புடிக்கல? அது ஒனக்கு என்ன செஞ்சுச்சு?"

எனக்கு என்ன செய்தாள் என்று கேட்டார். இவருக்காக நான் காலைப் பிடித்தேன், அந்தக் கால் என்னை உதறியது. அதை அவர் மறந்தது விபத்து. ஆனால் 'நீ ஒருத்திதான்' என்று சொன்ன அதே வாயால் அவர் என்னையே கேட்டபோது அது விபத்து மாதிரி இல்லை. புருஷன் இன்னொருத்தியைத் தேடிப் போனால் தெருவே நமக்காகப் பேசும். இதற்கு யாரிடம் போய்ச் சொல்வது? என் பக்கம் நின்ற ஒரே சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார், அதுவும் அவருக்கே தெரியாமல்.

மறுநாள், மறுபடி உட்காரப் பழகியிருந்த தன் கடையில் அவர் இருக்கும் நேரமாகப் பார்த்து ஜொஹரா வீட்டுக்குப் போனேன். வாடா பலகாரம் சுடுவதற்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க லாத்தா?"

எதை என்று அவள் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது. "அவன் சந்தோஷமா இருக்கான்ல?" என்றாள்.

"அன்னைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தா நெசமாவே சந்தோஷமா இருந்திருப்பாரு."

இறால் ஓட்டைத் தட்டில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு வாய் திறந்தவள் நிறுத்தவே இல்லை. "உம்மா எத்தனை வருஷம் இந்த ரூம்ல கெடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும். பீயள்ளுனது நான். பொரட்டிப் போட்டது நான். ராத்திரியெல்லாம் 'பாட்சா வந்துட்டானா, பாட்சா வந்துட்டானா'ன்னு என்கிட்டதான் கேக்கும். ஒருநாள் ஜொஹரான்னு கூப்ட்டதில்ல. போன் போட்டா, லீவு இல்ல லாத்தாம்பான். கடைசி நாள் வந்து குழிக்குள்ள எறங்கிட்டு, ஊரெல்லாம் நல்ல புள்ளன்னு சொல்ல, அவன் போவான். அதான் மனசு வரல. எனக்கு மனசு வரல, போதுமா?"

இத்தனை வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. வந்ததே என்று என்மேல் எரிச்சலும் வந்தது.

"இத அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தா அவரு ஒரு மாசம் கத்திட்டு வந்திருப்பாரு."

"எப்படிக் கேக்குறது? வாசலுக்கே வர மாட்டேன்னுட்டானே." முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அல்லாவா பாத்து அவன்கிட்டேர்ந்து அத எடுத்துட்டான். அன்னைக்கு நான் குடுக்காதத இன்னைக்குக் குடுத்துட்டேன். கணக்கு தீந்துச்சு. நீ ஏன் அதத் திருப்பி அவன் தலையில ஏத்தணும்ங்குறே?"

"மன்னிப்பு கேட்டு வாங்குறது லாத்தா. ஆள் நெனவில்லாம கெடக்கயில எடுத்துட்டுப் போறது இல்ல."

அவள் இறாலை உரித்துக்கொண்டே இருந்தாள். நான் வெளியே வந்து செருப்பை மாட்டினேன்.

நேராகக் கடைக்குப் போனேன். மத்தியான நேரம், ஆள் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். விமானம், திருச்சி, போன், ஃப்ரீசர் பெட்டி, நான் காலைப் பிடித்தது, தெருமுனையில் கையில் மண்ணோடு திரும்பி வந்த ஆட்கள், வாசப்படி சபதம், ஒவ்வொரு கத்திரியிலும் சோறு இறங்காமல் உட்கார்ந்தது. ஜொஹரா சொன்ன காரணத்தையும் விடாமல் சொன்னேன். அவள் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதை மறைப்பது நியாயமில்லை. அவர் ஒரு குப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார். குறுக்கே பேசவில்லை.

முடித்ததும், "நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும்" என்றார். "நீ பொய் சொல்ல மாட்டே. அது எனக்குத் தெரியும்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா ரோஷன், கண்ண மூடுனா அந்தக் காரு வர மாட்டேங்குது. மழைதான் வருது."

"அது ஒங்க வாப்பாவோட மழைங்க."

"இருக்கலாம். நீ சொன்ன ஆளு, பெட்டிய உட்டுட்டு ஓடுனான்ல, அவன நெனச்சாப் பாவமா இருக்கு. யாரோ ஒருத்தன் கஷ்டத்தக் கேக்குற மாதிரி இருக்கு. எனக்கு நடந்த மாதிரி இல்ல. மழை எனக்கு நடந்தது. உம்மாவோட கனம் இந்தக் கையில இருக்கு." கையை விரித்துக் காட்டினார். "இதையும் நீ எடுத்துட்டா உம்மாவுக்குன்னு என்கிட்ட என்ன இருக்கு?"

நான் உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தால் அவருடைய பழைய கோபம் திரும்பும், கூடவே நானும் திரும்புவேன் என்று நம்பித்தான் ஷட்டரை இறக்கினேன். அவர் உண்மையை வாங்கிக்கொண்டார். நான் சொன்னதை நம்பவும் செய்தார். அது அவருக்குள் போய் எங்கேயும் ஒட்டவில்லை.

எழுந்து போயிருக்க வேண்டும். கேட்டிருக்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"சரி. அந்த மழையில நான் எங்க நின்னேன்?"

அவர் கண்ணை மூடினார். ஏமாற்றுவதற்காக இல்லை, உண்மையாகவே தேடினார். புருவம் சுருங்கியது. "சந்தூக்கத் தூக்குறோம். வாசல்ல லாத்தா நிக்கிது, தலையெல்லாம் நனைஞ்சு. பக்கத்துல ரெண்டு மூணு பொம்பளைங்க…" கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முகத்தில் சங்கடம். "நீ இல்ல ரோஷன். நீ அன்னைக்கு வரலையா?"

எப்படி இருப்பேன்? அவருடைய வாப்பா இறந்தபோது என்னை அவருக்குத் தெரியவே தெரியாது. நான் இருந்தது வெயிலில். வெயில் அவரிடம் இல்லை. மாமியின் முடியை அலசியவள், காலைப் பிடித்தவள், எனக்காக நின்றாய் என்று வருஷா வருஷம் கையைப் பிடித்துச் சொல்லப்பட்டவள், அவர் உம்மாவின் மௌத்துக்கே வராத மருமகளாகிவிட்டாள். காலை உதறியவள் நனைந்துகொண்டு வாசலில் நிற்கிறாள்.

அழுதால் எதற்கென்று கேட்பார், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"வந்தேனே" என்றேன். "லாத்தாவுக்குப் பக்கத்துலதான் நின்னேன். கறுப்புக் குடை புடிச்சிக்கிட்டு. பாருங்க நல்லா."

மறுபடி கண்ணை மூடினார். பிறகு அந்தப் புருவம் மெல்ல விரிந்தது.

"ஆமால்ல" என்றார். "கறுப்புக் குடை. அதுல ஒரு கம்பி ஒடஞ்சு தொங்கிச்சு."

ஒடிந்த கம்பியை நான் சொல்லியிருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜொஹரா வீட்டில் இறால் குழம்பு. சாப்பாட்டுக்கு நடுவில் அவர் அடக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மழை வந்தது, வாளி வந்தது, கீற்று வந்தது. "ரோஷன்கூட வாசல்ல நின்னா லாத்தா, ஒன் பக்கத்துல. கம்பி ஒடஞ்ச குடையோட. அவளும் நனைஞ்சுட்டா பாவம்" என்றார்.

ஜொஹரா கரண்டியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.